கலை வரலாறு அரியர் முடிந்தது: ஜோசப் ரைட் படிப்பவர்களுக்கு

நேற்று ரிசல்ட். மூன்றாவது தடவையில் பாஸ். அம்மாவுக்குப் போன் போட்டு அழுதுவிட்டு இதை எழுதுகிறேன். இதே தாளில் இன்னும் சிலர் மாட்டியிருக்கிறீர்கள் என்று தெரியும்.

இரண்டு தடவையும் என்னைக் கவிழ்த்தது இங்கிலாந்தின் டெர்பி ஊர்க்கார ஓவியர் ஜோசப் ரைட் (1734–1797). ஸ்லைடைப் பார்த்ததும் 'மெழுகுவர்த்தி வெளிச்சம், கரவாஜியோ (இருட்டும் ஒளியும் மோத வரைந்த இத்தாலிய ஓவியர்) சாயல், தொழிற்புரட்சி' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவேன். கைடில் இருந்தது அவ்வளவுதான்.

இந்தத் தடவை ஒன்றை மட்டும் மாற்றினேன். ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் எதிலிருந்து வருகிறது என்று விரல் வைத்துத் தேடினேன். மொத்த ரைட்டும் அதில் அடங்கிவிட்டார்.

- 1766, கோள்களின் இயக்கம் பற்றிய விரிவுரை: சூரியனின் இடத்தில் ஒரு விளக்கு. முதுகு காட்டி நிற்கும் உருவம் அதை மறைக்கிறது. வெளிச்சம் குழந்தைகளின் முகத்தில்.
- 1771, ரசவாதி: குடுவையில் ஒளிரும் பாஸ்பரஸ்.
- 1772, இரும்புப் பட்டறை: பழுக்கக் காய்ந்த இரும்பேதான் விளக்கு. சம்மட்டியைத் தூக்குவது தண்ணீரின் விசை, அதனால் பட்டறைக்காரர் கைகட்டி நிற்க முடிகிறது. இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

1768-இன் காற்றுப் பம்பு படத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பறவை, பம்பு அதிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது, சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள். படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. கிட்டத்தட்ட 6 அடி உயரம், 8 அடி அகலம்; புராணக் காட்சிகளுக்குக் கொடுக்கும் அளவை ஒரு அறிவியல் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். போன தடவை 'பறவை இறக்கிறது' என்று எழுதி மார்க்கை இழந்தேன். படம் அப்படிச் சொல்லவே இல்லை. விரிவுரையாளரின் கை மேலே வால்வில் இருக்கிறது, திறந்தால் காற்று உள்ளே போகும். ஜன்னலோரப் பையன் பறவையின் கூண்டை இறக்குகிறானா, ஏற்றுகிறானா? ஒரு சிறுமி கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். பக்கத்துக் காதலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவை ரைட் நம்மிடமே விட்டிருக்கிறார். இந்த ஒரு பாராவை எழுதும்போதே பாஸ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வருடங்களை மனப்பாடம் செய்ய எனக்கு வராது. வெளிச்சத்தை வரிசையாக வைத்தபோது வருடங்கள் தானாக ஒட்டிக்கொண்டன.

தாளின் கடைசியில் ரைட்டின் இன்னொரு படம்: இங்கிலாந்தின் கிராம்ஃபோர்டு ஊரில் ஆலை முதலாளி ஆர்க்ரைட்டின் பஞ்சாலை, இரவுக் காட்சி. நேரமில்லை. நிலவையும் வரிசையாக எரியும் ஜன்னல்களையும் பென்சிலில் சின்னதாக வரைந்து, பக்கத்தில் '12 மணி நேரம், ராத்திரி ஷிப்ட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.