ஏற்காட்டுச் சரிவில் ஒரு சாய்தளம்

கட்டடக்கலை மாணவர்களுக்குச் சூழலுக்கு இசைந்த கட்டுமானத்தை ஒரு பாடமாகவும், எல்லோரும் புழங்கத்தக்க வடிவமைப்பை வேறொரு பாடமாகவும் பிரித்து நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிப் படித்தவர்கள், மொட்டைமாடியில் சோலார் பேனலை வைத்து முதலாவதையும், பிளான் முடிந்தபின் வாசலோரம் ஒரு சாய்தளத்தைச் செருகி இரண்டாவதையும் முடித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே கணக்குதான் என்று காட்ட, சேலத்தில் இருக்கும் எங்களுக்குச் சேர்வராயன் மலையைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

ஏற்காட்டுப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றுக்குத் துணை சுகாதார நிலையம் வடிவமைப்பதே நான் கொடுக்கும் பயிற்சி. மனையின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உயர வேறுபாடு 3 மீட்டர். முதலில் வரும் வரைபடங்கள் பெரும்பாலும் ஜேசிபியை நம்பியவை: சரிவை வெட்டிச் சமமாக்கி, பின்னால் உயரமான தாங்குசுவர் எழுப்பியிருப்பார்கள். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது, சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைநீர் எப்படி வெளியேறும் என்று கேட்டால் அமைதி நிலவும். பிறகு சாய்தளத்துக்குக் கணக்குப் போடச் சொல்வேன். 1:12 சாய்வில், அதாவது 12 மீட்டர் ஓட்டத்துக்கு 1 மீட்டர் ஏற்றம் என்ற கணக்கில், 3 மீட்டர் ஏற 36 மீட்டர் ஓட்டம் வேண்டும்; ஒவ்வொரு 75 சென்டிமீட்டர் ஏற்றத்துக்கும் ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டால் மொத்தம் 40 மீட்டரைத் தாண்டிவிடும், அதாவது கட்டடத்தைவிடச் சாய்தளம் நீளம். கட்டடத்தைச் சரிவில் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை ஒட்டி நீளவாக்கில் அமைத்து, மேல் பாதையிலிருந்து ஒரு தளத்துக்கும் கீழ்ப் பாதையிலிருந்து மற்றொரு தளத்துக்கும் நேராக நுழையவிட்டால், வெட்ட வேண்டிய மண்ணும் ஏற வேண்டிய உயரமும் சேர்ந்தே குறைவதை அப்போதுதான் அவர்களாகவே கண்டுகொள்கிறார்கள். நோயாளி பயன்படுத்தும் கழிப்பறை மட்டும் அவர் நுழைந்த தளத்திலேயே இருந்தாக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மாணவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வளாகத்தைச் சுற்றிவரச் சொல்லும் பயிற்சி பல இடங்களில் உண்டு. அதில் பரிதாபம் பிறக்குமே தவிர அளவு கிடைக்காது என்பது என் எண்ணம். ஊருக்குள் போய்க் கேட்பதே மேல். “படி இருந்தா இருந்துட்டுப் போகுது கண்ணு, மழை பேஞ்சா பாசி வழுக்குது, புடிச்சுக்க ஒண்ணுமில்ல” என்றார் ஒரு பாட்டி. உடன் வந்த மாணவி, பாட்டியின் கை இயல்பாக எட்டும் உயரத்தை டேப்பால் அளந்துகொண்டு, 90 சென்டிமீட்டரில் வரைந்திருந்த கைப்பிடிக் கம்பிக்குக் கீழே 70இல் இன்னொன்றைச் சேர்த்தார். சாய்தளத்துக்குக் கூரையும், வழவழப்பான டைல்ஸுக்குப் பதில் கொத்திவிட்ட கருங்கல்லும் அன்றே வந்து சேர்ந்தன.

மலையிறங்கிச் சேலத்துக்கு வந்தால், உயரத்தின் இடத்தை வெயில் எடுத்துக்கொள்கிறது. பகல் முழுவதும் வீட்டிலேயே இருப்பவர் யார் என்பதுதான் என் முதல் கேள்வி. பெரும்பாலும் வயதானவர்களும் நடமாட முடியாதவர்களும்தான். அவர்களுக்கு ஒதுக்கப்படுவதோ பல பிளான்களில் மேற்கு வெயில் நேராக விழும் மூலை. அங்கே மாடிப்படியையும் சாமான் அறையையும் வைத்துவிட்டு, மேற்குச் சுவரை கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் எழுப்பலாம். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் இந்த முறையில் செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும், வெப்பமும் மெதுவாகவே உள்ளே இறங்கும்.

வரும் பருவத்திலிருந்து சூழலுக்கு இசைந்த கட்டுமானம், எல்லோரும் புழங்கத்தக்க வடிவமைப்பு ஆகிய இரண்டுக்குமான மதிப்பெண்களைத் தனித்தனியாகப் போடப் போவதில்லை. வெட்டிய மண்ணின் கன அளவையும், வாசலிலிருந்து கழிப்பறை வரையுள்ள உயர வேறுபாட்டையும் ஒரே செக்‌ஷன் (குறுக்குவெட்டு) வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லப்போகிறேன்.