இருபத்தைந்து சொல்

ஜூன் 4
அப்பாவுக்கு மூச்சுத்திணறல் சற்றுக் குறைந்திருக்கிறது. வீட்டிலிருந்து தகரப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை.

ஜூன் 5
கொண்டுவந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தாள். எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பெட்டியை நான் திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஜூன் 7
அப்பா தூங்கியதும் தாளை எடுத்துப் படித்தேன். 1944 ஜனவரி. ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர்களுக்கு எழுதும் கடிதம் 25 சொல்லைத் தாண்டக்கூடாது என்று அப்போது விதி. இது தாத்தாவுக்கு. ஆயா சொல்லச் சொல்ல வாத்தியார் முதலில் தமிழில் எழுதியிருக்கிறார்.

"மகன் பிறந்து இருபத்தொரு மாதமாகிறது. உங்கள் அப்பா பெயரை வைத்திருக்கிறோம். நடக்கிறான். உங்கள் சாயல்தான். அம்மா சுகம். கறவைமாடு சுகம். கவலைப்படாதீர்கள்."

ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ஒரு பென்சில் புள்ளி. பதினாறு. கீழே ஆங்கிலம். 'நடக்கிறான்' அங்கே மூன்று சொல்லாகிவிட்டது. மொத்தம் 31. முதலில் வெட்டுப்பட்டது மாடு. 'சாயல்' மேல் ஒரு கோடு போட்டு, பிறகு கோட்டையே அழித்திருக்கிறார். ஆயா சண்டை போட்டிருப்பார்.

ஜூன் 8
"அது அவர் கைக்குப் போயிருக்குமா?" காலையில் ஒரு முறை, ஊசி போடும்போது ஒரு முறை, விளக்கணைத்த பிறகு ஒரு முறை. எண்பத்து மூன்று வயதில் இதுதான் கேள்வி.

ஜூன் 10
சோடியம் குறைவாம்.

ஜூன் 11
தாத்தா கப்பல் ஏறியது 1942 ஜனவரியில். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. துப்பாக்கியைத் துடைத்து முடிப்பதற்குள் கைதி. 17ஆம் தேதி இந்தியச் சிப்பாய்களை மட்டும் ஃபாரர் பூங்காவில் கூட்டி ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார்கள். பின்னாளில் நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் சேர்க்க, அங்கேதான் மோகன் சிங் பேசினார். பல ஆயிரம் பேர் அவர் படையில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பலரைக் கப்பலில் அடைத்துத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1943 மே மாதம் நியூ கினியாவின் வேவாக்கில் இறக்கப்பட்டவர்கள் சுமார் 3,000 பேர். அதில் தாத்தாவும் ஒருவர்.

ஏன் சேரவில்லை? தின்ற உப்புக்கு விசுவாசமா, பயமா, யாரையும் நம்பாத குணமா? அப்பா இதைக் கேட்டதே இல்லை. எனக்குத்தான் உறுத்துகிறது. எங்கள் தெருவில் நேதாஜி படம் மாட்டாத வீடு எங்களுடையதுதான். ஆயா மாட்டவிடவில்லை.

ஜூன் 12
இரண்டு இட்லி சாப்பிட்டார்!

ஜூன் 14
வராந்தாவில் நின்று போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டைக் கைபேசியில் தேடினேன். கிடைத்துவிட்டது. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், ஊர், வட ஆற்காடு. இன்னாரின் தந்தை என்று இல்லை.

இறந்தது 1943 நவம்பர்.

தாளை எடுத்து மாதத்தை மறுபடி பார்த்தேன். ஜனவரிதான்.

ஜூன் 15
தேதி தவறாக இருக்கலாம். அந்தக் காட்டில் யாரிடம் நாள்காட்டி இருந்தது? போர் முடிந்து, செபிக் ஆற்றங்கரையில் அங்கோரம் என்ற இடத்தில் 11 இந்தியர்களை மீட்டார்கள். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காக அவர்களில் சிண்ட் சிங் என்பவரை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஊருக்குக் கிளம்பிய மற்ற பத்துப் பேரும் விமானம் விழுந்து இறந்துபோனார்கள். அத்தனையும் தாங்கிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில்! அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்காவது எங்கள் தாத்தாவைத் தெரிந்திருக்கும். நவம்பர் இல்லை, அடுத்த வருடம் மழைக்காலம் என்று சொல்லியிருப்பார்.

அப்படியே இருந்தாலும், வேவாக் வரை அந்தக் கடிதத்தை யார் கொண்டுபோயிருப்பார்கள்?

ஜூன் 16
கேட்டார். டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 17
இன்று கேட்கவில்லை. "வாத்தியார் மாட்டை வெட்டியிருக்கக்கூடாது" என்றார். மாடு சுகம் என்றால் வீட்டில் பால் இருக்கிறது, பிள்ளை பட்டினி இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்குமாம். 'கவலைப்படாதீர்கள்' வெறும் பேச்சாம்.

மாட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். சின்ன ஆயாவுக்குத் தெரியும், கேள் என்றார். சின்ன ஆயா போய் ஒன்பது வருடமாகிறது.

ஜூன் 18
காலை ஆறு மணிக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறார்கள். தாளை வாங்கி வைக்கச் சொல்கிறார் நர்ஸ். கையைப் பிரிக்க முடியவில்லை.