நினிவேக்கு எதிரே ஒரு குடிசை

2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தபோது, கேஷ் கவுண்டரில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் இருந்தது. பத்தாம் தேதி வங்கியைத் திறந்தபோது வரிசை தெருமுக்கைத் தாண்டி நின்றது. ஒரு ஆளுக்கு 4,000 மாற்றலாம் என்றார்கள். பிறகு 4,500 என்றார்கள், பதினெட்டாம் தேதியிலிருந்து 2,000 மட்டும் என்றார்கள். நடுவில் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். காலையில் படித்த சர்க்குலர் சாயங்காலம் மாறிவிடும். கொடுக்க எங்களிடம் இருந்தது நூறு ரூபாய்க் கட்டுகளும் புது 2,000 ரூபாய்த் தாள்களும்தான். புதுத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எச்சில் தொட்டு எண்ணினாலும் விரலை ஏமாற்றிவிடும்.

பதினேழாம் தேதி இரவு ஒன்பதரைக்குக் கேஷ் முடித்தோம். 12,000 ரூபாய் குறைந்தது. ஆறு தாள். மூன்று தடவை எண்ணியும் அதே கணக்கு. மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எடுத்தவங்க இப்பவே வச்சிட்டா எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. கவுண்டரில் இருந்தது நான்.

கேஷ் குறைந்தால் கேஷியர்தான் கட்ட வேண்டும். அது தெரிந்துதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கணக்கிலிருந்து ஸ்லிப் போட்டு அன்றைக்கே கட்டிவிட்டேன். பணம் போனது ஒரு மாதத்து வலி. "எடுத்தவங்க" என்ற சொல் மூன்று வருடம் உள்ளே கிடந்தது.

கோபத்தை வெளியே காட்டவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அடுத்த வருடம் ஒரு நாள், முதியோர் உதவித்தொகை ஆயிரம் ரூபாய் எடுக்க வந்த பாட்டி கைநாட்டை இடம் மாற்றி வைத்துவிட்டார். "எத்தனை தடவை சொல்றது!" என்று கத்திவிட்டேன். வரிசையே அமைதியானது. "கோவிச்சுக்காத தாயி" என்று சொல்லிவிட்டு, மையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். மேனேஜருக்கு வைத்திருந்ததை அந்தப் பாட்டிக்குக் கொடுத்திருக்கிறேன் என்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

அதற்குள் மேனேஜர் மாறுதலாகிப் போயிருந்தார். நான் அவரை விடவில்லை. மாறுதல் பட்டியல் வந்தால் முதலில் தேடுவது அவர் பெயரைத்தான். பதவி உயர்வு கிடைத்தது என்று கேள்விப்பட்ட அன்று தூக்கம் வரவில்லை. புதிதாகக் கிளைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அந்த இரவின் கதையைச் சொன்னேன்.

2019-இல் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில், பிள்ளைகளுக்கான ஞாயிறு வகுப்பில், பைபிளில் வரும் யோனா தீர்க்கதரிசியின் பாடம் எனக்கு வந்தது. பிள்ளைகளுக்கு யோனாவை விழுங்கிய மீன்தான் வேண்டும், வரையவும் மீன்தான். நானும் சிறுவயதில் மீனோடு நிறுத்திக்கொண்டவள்தான். பாடம் தயாரிக்க உட்கார்ந்த சனிக்கிழமை இரவு நாலாம் அதிகாரம் வரை வாசித்தேன். யோனா எச்சரித்த நினிவே நகரம் மனந்திரும்புகிறது, கர்த்தர் அதை அழிக்காமல் விடுகிறார், யோனாவுக்கு அது பொறுக்கவில்லை. "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று கர்த்தர் கேட்கிறார். யோனா பதில் சொல்லவில்லை. நகரத்துக்குக் கிழக்கே போய், ஒரு குடிசை போட்டு, அதற்கு என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க உட்கார்ந்துகொள்கிறான்.

அந்த வரியில் நின்றுவிட்டேன். மூன்று வருடமாக நான் போட்டிருந்த குடிசை எனக்குத் தெரிந்தது. பட்டியல்களைப் பார்த்தது, அவர் எப்போது கவிழ்வார் என்று காத்திருந்தது, எல்லாமே அதற்குள் உட்கார்ந்துதான்.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற வசனம் சின்ன வயதிலிருந்து மனப்பாடம். எங்கள் வேலையும் அப்படித்தான். வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் அன்றைய கணக்கை மூட முடியாது. அன்றாடம் கேஷை டேலி செய்த கைதான் இதை மட்டும் இத்தனை நாள் திறந்தே வைத்திருந்தது.

மறுநாள் திருவிருந்து ஆராதனை. அப்பமும் ரசமும் வாங்கும் பந்திக்கு நான் எழுந்து போகவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு ஐந்தாம் அதிகார வசனம் மனதில் வந்தது. அதை எப்போதும் மாற்றியே புரிந்துவைத்திருக்கிறேன். எனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே எழுதவில்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்றிருக்கிறது. அவருக்கு என்மேல் என்ன குறை இருக்க முடியும்? யோசித்தால் இருந்தது. அவர் இல்லாத இடத்தில், அவரை அறியாத எத்தனையோ பேரிடம் அவர் பெயரைக் கெடுத்திருக்கிறேன்.

கூப்பிட இரண்டு வாரம் ஆனது. "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றார், இயல்பாக. உங்களை மன்னிக்கிறேன் என்று சொல்ல நான் கூப்பிடவில்லை. அப்படிச் சொல்வதும் ஒரு குற்றச்சாட்டுதான். "சார், உங்களைப் பத்தி நிறைய பேர்கிட்ட தப்பாப் பேசியிருக்கேன். மன்னிச்சிடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்தப் பன்னிரண்டாயிரம் கடைசி வரைக்கும் வரலியா மேடம்?" என்று கேட்டார். தான் சொன்ன சொல் அவருக்கு ஞாபகமே இல்லை, என் நஷ்டம் ஞாபகம் இருந்தது. அந்த நாட்களில் தான் பல இரவு வீட்டுக்கே போகவில்லை என்றார். அவர் சொன்னது சரி என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அது தவறான சொல்தான். ஆனாலும் போனை வைத்தபோது நெஞ்சில் இருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது. அது என் முயற்சியால் வந்த அமைதி இல்லை. "உலகம் கொடுக்கிறபிரகாரம்" அல்ல என்று ஆண்டவர் சொன்ன சமாதானம் இதுதான் என்று நம்புகிறேன்.

அடுத்த மாதப் பந்திக்கு எழுந்து போனேன். பிறகும் சில நாள் கோபம் வரும். வரும்போது அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பேன்.

2023 மே மாதம் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுகிறோம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. இருபத்து மூன்றாம் தேதியிலிருந்து மாற்ற ஆரம்பித்தோம், ஒரு தடவைக்கு 20,000 வரை. முதல் நாள் ஒரு பெரியவர் பத்துத் தாளை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பழசாகி மெத்தென்று இருந்தன, ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு தடவை எண்ணிவிட்டு நாற்பது ஐந்நூறு ரூபாய்த் தாளை அவர் கையில் வைத்தேன். "நிதானமா எண்ணிப் பாத்துக்குங்க ஐயா" என்றேன். அவர் எண்ணி முடிக்கும்வரை வரிசை காத்திருந்தது, நானும்.

மாலையில் பெட்டகத்தைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அந்தப் பழைய மேனேஜரின் நினைவே வந்தது.