ரிப்போர்ட் நல்லம், ஆள் நல்லமா?

"எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டால் மட்டக்களப்பில் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. "நல்லாத்தான் இரிக்கன் மிஸ்" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். கேட்டவர் மனம் நோகக்கூடாதென்று சொல்வது அது. இயன்மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு, கொவிட் கடுமையாக வந்து ஒட்சிசனில் கிடந்து தப்பியவர்களிடம்தான் இந்தப் பதில் பெரிய தலையிடியாக இருந்தது. எக்ஸ்ரே தெளிவு, இரத்தம் சரி, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி 98 வீதம் காட்டும். பைலைப் பார்த்தால் ஆளுக்கு ஒன்றுமில்லை.

அதே ஆளை ஒரு நிமிடம் கதிரையிலிருந்து எழும்பி எழும்பி இருக்கச் சொல்லுவோம். சிலருக்கு அந்த 98 நாலைந்து புள்ளி இறங்கிவிடும். வேறு சிலருக்கு எண் அசையாது. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பாயை விட்டு எழும்ப முடியாமல் கிடப்பார்கள். இந்த இரண்டாவது ஆட்களை நம்பவைப்பதுதான் கஷ்டம். கொவிட் விட்டபின்னும் நீளும் இந்த நிலையை 'லோங் கொவிட்' என்பார்கள். உலக சுகாதார நிறுவனமே 2021 ஒக்டோபரில்தான் இதற்கு வரையறை எழுதியது: தொற்று வந்து மூன்று மாதமளவில் இருக்கும், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கும், வேறு நோயால் விளக்கமுடியாத களைப்பு, மூச்சு வாங்கல், யோசனை தடுமாறுதல். அதற்கு முன்பு வந்தவர்களுக்கு வீட்டில் கிடைத்த பெயர் சோம்பேறி.

இந்தப் பக்கத்துக்கு இது புதுசும் அல்ல. 2006 கடைசியில் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் சிக்குன்குனியா பரவியதை வயதானவர்கள் இன்னும் கதைப்பார்கள். காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும், மணிக்கட்டும் கணுக்காலும் மாதக்கணக்கில் விடாது. மருதமுனைத் தறிகளை நினைத்துப் பாருங்கள். கால் மிதிக்கவேண்டும், கை நாடாவை ஓட்டவேண்டும். சரியாக அந்த மூட்டுகளையே பிடிக்கிற நோய்!

வாழ்க்கைத் தரத்தை அளக்க எங்களிடம் படிவங்கள் உண்டு. ஈக்யூ-5டி என்ற படிவம் ஐந்து விடயம் கேட்கும்: நடமாட்டம், தன் வேலையைத் தானே பார்ப்பது, வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை. கடைசியில் 0 முதல் 100 வரை ஒரு கோடு, இன்றைய சுகத்தை அதில் குறிக்கவேண்டும். வாவியில் வலை வீசும் ஒரு ஐயா 90இல் குறித்தார். "இப்ப எந்த வேலையை விட்டுட்டீங்க ஐயா?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்க முதல் மனைவி சொன்னார்: "வலையைத் தொட்டே கனநாளாப் போச்சு மகள். நடுப்பகல்லயும் படுக்கார்."

வீச்சு வலை எறிவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஈர வலையின் ஒரு பகுதியைத் தோளில் போட்டு, மிச்சத்தைக் கையில் அள்ளி, ஆடும் தோணியில் காலை ஊன்றி, இடுப்பை முறுக்கி எறிவது. பிறகு ஈயக்குண்டுகளோடு இழுத்தெடுப்பது. படிவத்தில் இதெல்லாம் "வழக்கமான வேலைகள்" என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

களைப்பென்றால் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்றுதான் நாங்கள் படித்தது. பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்கள் எழுதும் நைஸ் நிறுவனம் 2021இல், நாட்பட்ட களைப்பு நோய்க்கு அப்படி அட்டவணை போட்டுக் கூட்டும் முறையை இனிக் கொடுக்கவேண்டாம் என்றது. வேலைக்கு மறுநாள் சரிந்து விழுகிற ஆட்களுக்கு அது கொவிட்டிலும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். ஐயாவிடம் காசுக் கணக்கில் சொன்னேன்: கையில் உள்ளதற்குத்தான் இன்றைக்குச் செலவு, கடன் வாங்கினால் வட்டி படுக்கையில். உடனே பிடித்துக்கொண்டார். மகன் தோணி வலிக்க, இவர் எறிவது மட்டும். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் இருந்து ஆறவேண்டும், களைப்பு வந்தபின் அல்ல, வருமுன்.

எருமைத் தயிர் போடும் ஒரு அக்காவுக்கோ நடையில் குறையே இல்லை. மூக்குப் போய்விட்டது. பால் திரும்பினதா என்று மணந்து பார்த்தே பழகியவர். மூக்கு, தொண்டை டொக்டர் சொன்னபடி தேசிக்காய், கராம்பு, ரோசா, யூக்கலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் மணந்தார். குறைந்தது மூன்று மாதம் செய்யவேண்டிய பயிற்சி. கராம்பு முதலில் வந்ததாம், பால் இன்னும் வரவில்லை. அதுவரை மகள் மணந்து பார்க்கிறாள். ஈக்யூ-5டி கேட்கும் அந்த ஐந்து விடயத்தில் மூக்குக்கு இடமில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கந்தோரில் வேலை செய்கிறவர் என்றால் இலகு வேலை கொடுக்கச் சொல்லி வைத்தியர் ஒரு கடிதம் எழுதலாம். நாட்கூலிக்கும் கடலுக்கும் வயலுக்கும் போகிறவருக்கு யார் பெயருக்கு எழுதுவது? அதனால் இப்போது முதல் தவணைக்கே வீட்டில் ஒருவரைக் கூட்டிவரச் சொல்கிறேன். எந்த வேலையை யார் பொறுப்பெடுப்பது என்று அங்கேயே பேசிவிடுகிறோம். சில நாளில் அது சண்டையிலும் முடியும், பக்கத்து மேசைத் தாதி எட்டிப் பார்ப்பார்.