சிப்பாயின் டின்னுக்குள் இருந்த மாடு எந்த ஊர் மாடு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராகப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் பற்றிப் பேச்சு எழுந்தால், தோட்டத் துரைகள் சுடப்பட்ட 1948 ஜூன் 16, முள்வேலி, அரிசிக் கட்டுப்பாடு எல்லாம் வரிசையாக வரும். டின்னைக் குத்தி விற்ற கதையும் வரும். 1951இல் உணவுக் கட்டுப்பாடு இறுகியபோது, கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். காற்று புகுந்த டின் நம்மூர் வெக்கையில் தாங்காது. காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குக் கடத்திப் பதுக்கவும் முடியாது. அதே காட்டுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் சிப்பாயின் மூட்டையில் டின் முழுசாகப் போனது.

அந்த மாடு பெரும்பாலும் தென் அமெரிக்க மாடு. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இராணுவத்துக்கு 'கார்ன்ட் பீஃப்' (உப்பிட்டு டின்னில் அடைத்த மாட்டிறைச்சி) போட்ட பெரிய இடம் உருகுவேயின் ஃபிரே பெந்தோஸ். பரந்த புல்வெளி, மலிவான மாடு, ஆலை வாசலிலேயே ஆறு, ஆற்றில் கப்பல். பிரிட்டிஷ் படையிலிருந்த நேபாளக் கூர்க்காக்கள் மாட்டைத் தொடமாட்டார்கள், அவர்களுக்கு ஆடு.

கார்ன்ட் பீஃப் டின்னில் பச்சை இறைச்சியை அடைப்பதில்லை. அடைத்தால் சூட்டில் சுருங்கி, பாதி டின் வெறும் சாறாக நிற்கும். முதலில் வேகவைத்து, நரம்பு கொழுப்பை நீக்கி, உப்பும் நைட்ரைட்டும் சேர்த்து அழுத்தி மூடி, பிறகு அழுத்தக் கலத்தில் வைப்பார்கள். டின்னின் நடுப்பகுதி 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 நிமிடம் நிற்க வேண்டும். பெரிய டின்னில் சூடு நடுவுக்குப் போய்ச்சேர நேரமாகும். இன்றைய இராணுவ உணவு தட்டைப் பைக்கு மாறியதற்கு எடை மட்டுமல்ல, இதுவும் காரணம்.

ஆபத்து பெரும்பாலும் வேகவைப்பதில் இல்லை, ஆறவைப்பதில் இருக்கிறது. டின் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். டின்னின் ஒட்டு மூட்டில் மயிரிழை இடைவெளி இருந்தால் வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆறவைக்கும் தண்ணீரில் குளோரின் கலப்பது அதற்குத்தான். 1964இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் டைஃபாய்டு பரவி 400க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போனார்கள். அர்ஜென்டினாவின் ரொசாரியோவில், குளோரின் கலக்காத பரானா ஆற்றுத் தண்ணீரில் ஆறவைத்த டின்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. டைஃபாய்டு கிருமி வாயு விடாது, அதனால் டின் உப்பாது. உப்பாத டின் நல்ல டின் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அபர்டீன் கடையில் துண்டு போடும் இயந்திரம் மற்ற இறைச்சிக்கும் கிருமியைப் பரப்பியது.

இன்று மலேசிய இராணுவ உணவு ஹலால். அமெரிக்க இராணுவமோ 1941இல் வந்த பெர்ரி சட்டத்தின்படி பொதுவாக உள்நாட்டில் விளைந்த அல்லது பதப்படுத்திய இறைச்சியைத்தான் வாங்க வேண்டும். நமக்கு அப்படிக் கட்டுப்படியாகாது. நாட்டுக்குள் வரும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி உறைந்த இந்திய எருமை. அறுக்கும் கூடங்களைக் கால்நடைச் சேவைத் துறையும், ஹலால் சான்று தரும் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமும் பார்த்து அனுமதிக்க வேண்டும். கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய்ப் பயத்தால் எலும்பும் நிணச் சுரப்பியும் எடுத்துவிடுவார்கள். அறுத்த இறைச்சியை 24 மணி நேரம் குளிரில் தொங்கவிட்டால் தசையில் அமிலம் ஏறும். அமிலத்தைக் காட்டும் பிஹெச் அளவு 6க்குக் கீழே இறங்கினால் தசைக்குள் கோமாரி வைரஸ் தங்காது, ஆனால் மஜ்ஜையில் தங்கும். உறைந்த இறைச்சிப் பெட்டியில் எலும்புக் கறி கிடைக்காததன் காரணம் இதுதான்.

பெட்டி வாங்குகிறவர்கள் அறுத்த தேதி, அறுத்த கூடத்தின் எண் இரண்டையும் பாருங்கள். உள்பையில் பனித்தூள் கொட்டிக் கிடந்தாலோ, சிவப்புத் தண்ணீர் உறைந்து கட்டியாக நின்றாலோ, நடுவழியில் இளகி மறுபடி உறைந்த சரக்கு. வாங்காதீர்கள். இளக்குவது 4 டிகிரிக் குளிரில்தான். 20 கிலோ பெட்டிக்குச் சில நாள் ஒதுக்குங்கள். சாறு வடிந்து எடை குறையும். முகாம் சமையலறைக்குக் குத்தகை எடுக்கிறவர்கள், விலை பேசும்போதே உறைந்த எடையா இளகிய எடையா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.