இன்னும் ஒரே ஒரு இழுப்பு

பிரஷ்ஷால் அடித்த கார் பாகம் துடைப்பத்தால் பெருக்கிய மண்தரை மாதிரி வரிவரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பழி பிரஷ்ஷின் மேல். குற்றவாளியோ அதைப் பிடித்திருக்கும் கை.

வழக்கமாக நடப்பது இதுதான். பேட்டரி தட்டுக்கு கறுப்பு எனாமல் அடித்தாயிற்று, கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஐந்தாவது நிமிடம் ஓரமாக ஒரு இடம் கண்ணில் படும். "லேசா ஒரே ஒரு இழுப்பு." அங்கே ஒரு வரி விழும். அதைச் சரிசெய்ய இன்னொன்று. பத்து நிமிடத்தில் உழுத வயல் தயார்.

எனாமல் தானாகவே சமன்படும் சரக்கு. பிரஷ் விட்டுப்போன வரிகள் ஈரம் இருக்கும்வரை இளகி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஆனால் டர்பன்டைன் ஆவியாக ஆவியாக பெயின்ட் கெட்டியாகி, மேலே ஆடை கட்டத் தொடங்கும். அதற்கப்புறம் இழுத்தால் அந்த ஆடைதான் கிழியும். கிழிந்த வரியை நிரப்பக் கீழே இருப்பதற்கு ஓட்டம் போதாது. ஆகவே விட்டுப்போன இடம் விட்டுப்போனதாகவே இருக்கட்டும், அடுத்த கோட் பார்த்துக்கொள்ளும்.

பாதி வேலை பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் 80 நம்பர் எமரியாலும் எடுத்துவிட்டு, பழைய பெயின்டின் விளிம்பை 180, பிறகு 240 என்று தேய்த்து, விரலால் தடவினால் படி தட்டாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கிரீஸ் துடைக்க இரண்டு துணி வேண்டும்: ஒன்று தின்னரில் நனைத்தது, மற்றது காய்ந்தது. ஈரம் ஆவியாகும் முன்பே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் கிரீஸ் இடம் மாறுமே தவிர ஒழியாது. சிலிக்கான் பாலிஷ் பட்ட இடமாக இருந்தால் பெயின்ட் வட்டவட்டமாக விலகி, மீன் கண் மாதிரி குழி விழும்.

அடிப்பூச்சாக, இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமர். அலுமினியத்துக்கும் துத்தநாகம் பூசிய தகட்டுக்கும் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர். துத்தநாகத்தின் மேல் எனாமலை நேரடியாக அடித்தால் அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, நாளடைவில் தோலாக உரியும். பிரைமர் ஓர் இரவு காய்ந்தபின் 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, தண்ணீர் முழுக்க உலர விட வேண்டும்.

டப்பாவிலேயே பிரஷ்ஷை முக்குவது துருத்தூளையும் குப்பையையும் டப்பாவுக்குள் சேமித்து வைக்கும் திட்டம். தேவையானதைத் தனிக் கிண்ணத்தில், நைலான் துணி வழியாக வடிகட்டி எடுக்கலாம். குலுக்கக் கூடாது, நுரை தட்டும். அடி வரைக்கும் குச்சி விட்டுக் கிளற வேண்டும். 200 மில்லி எனாமலுக்கு 10 முதல் 20 மில்லி டர்பன்டைன் போதும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக. கூடினால் செங்குத்தான பக்கத்தில் கண்ணீர் வடியும். டர்பன்டைன் தீர்ந்துவிட்டதென்று, சட்டென்று ஆவியாகும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை ஊற்றினால் வரிகள் சமன்படும் முன்பே பெயின்ட் இறுகிவிடும், கீழே இருக்கும் பழைய எனாமலும் சுருங்கிக் கிளம்பும்.

பிரஷ் ஒரு அங்குல அகலம், நுனி மெத்தென்று இருந்தால் நல்லது. புதிய பிரஷ்ஷை உள்ளங்கையில் நாலு தடவை அடித்து, டேப் ஒட்டி உரித்தால் உதிர வேண்டிய முடி அப்போதே உதிரும். இல்லையென்றால் பெயின்டில் உதிரும். முடியில் மூன்றில் ஒரு பங்குதான் முக்க வேண்டும். கிண்ணத்தின் உட்பக்கத்தில் தட்டினால் போதும், விளிம்பில் வழித்தால் குமிழி வரும்.

முதலில் மூலை, போல்ட் ஓட்டை, கூர்மையான விளிம்பு. விளிம்பிலிருந்து பெயின்ட் பின்வாங்கும், துரு அங்கேதான் முதலில் எட்டிப் பார்க்கும். அப்புறம் பரப்பு: நீளவாக்கில் வைத்து, குறுக்கே பரப்பி, கடைசியாகச் சரக்கில்லாத பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, நுனி மட்டும் படும்படி ஒரே திசையில் ஒரு இழுப்பு. பாகத்தைப் படுக்க வைத்து அடித்தால் பாதி வேலையைப் புவியீர்ப்பே செய்துவிடும். வெயிலில் காய்ந்து சுடும் தகட்டில் அடித்தால் பெயின்டுக்குப் பரவ நேரமே இருக்காது.

மெல்லிய கோட் இரண்டோ மூன்றோ, தடிமனான ஒன்றைவிட எப்போதும் மேல். அடுத்த கோட்டுக்கு எவ்வளவு நேரம் என்பதை டப்பாவில் அச்சிட்டிருப்பார்கள். அதை அவசரக்காரர்கள் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். மேலே காய்ந்து உள்ளே காயாதபோது அடித்தால் ஆறின பாலின் ஆடை மாதிரி முழுப் பரப்பும் சுருங்கும். அதற்கு மருந்து கிடையாது, சுரண்டிவிட்டு மறுபடி பிரைமரிலிருந்துதான். இடையில் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்தால் தூசி முடிச்சுகள் போய்விடும்.

காய்ந்ததா என்று விரல் வைத்துப் பார்ப்பவர்களுக்கு: பெயின்ட் கிளறிய குச்சியிலும் அதே பெயின்ட்தான், அதே நேரத்தில்தான் காய்கிறது. ரேகையை அங்கே வையுங்கள். நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட கொசுவையும் ஈரத்தில் நோண்ட வேண்டாம். காய்ந்தபின் நகத்தால் தட்டினால் உடம்பு போய்விடும், கால்களை 600 பேப்பர் பார்த்துக்கொள்ளும்.