பரிசல் கதைக்கு மூன்றாவது மார்க்

"சார், அப்ப நான் எங்க ஊரைப் பத்தி எழுதவே கூடாதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "அப்படி இல்லம்மா, போட்டிக்கு விதின்னு ஒண்ணு இருக்கு இல்ல" என்றேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன், ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

நான் நடத்துவது ட்வைனில் எழுதும் கதை விளையாட்டுப் போட்டி. ட்வைன் என்பது படிக்கிறவரே வழியைத் தேர்ந்து அழுத்திப் போகும் கதைகளை உருவாக்கும் மென்பொருள். யார் எழுதியது என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது. ட்வைன் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஆட்டத்தில் வராத பக்கங்கள்கூட அப்படியே தெரியும் என்பதால், ஒவ்வொன்றையும் நானே திறந்து பெயர்களைத் தேடி எடுத்தேன். ஒருவன் யாரும் போய்ச் சேர முடியாத பக்கத்தில் அம்மாவுக்கு நன்றி எழுதியிருந்தான், அதுவும் போனது. இத்தனைக்கும் மேல், ஆள் தெரிந்துவிட்டால் நடுவர் விலக வேண்டும் என்றும் ஒரு விதி.

என்னிடம் கேட்ட அந்தப் பெண் எழுதியது ஒகேனக்கல் பரிசல்காரர் கதை. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடுகிறது, பரிசலுக்குத் தடை. கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டு காத்திருப்பதா, கட்டட வேலைக்குப் பெங்களூர் பஸ் ஏறுவதா என்று முதல் பக்கத்திலேயே கேட்கிறாள். எதை அழுத்தினாலும் மேலே கன அடி ஏறிக்கொண்டே போகும்.

நடுவர் ஒருவர் போன் செய்தார். "இது யாருன்னு தெரிஞ்சு போச்சுங்க, பென்னாகரம் பக்கமிருந்து வர்றது அந்தப் பொண்ணு மட்டும்தானே." நேர்மையான மனிதர், வாயைத் திறக்காமலே மார்க் போட்டிருக்கலாம். விலகச் சொன்னேன். மற்ற இருவரும் 7, 8 போட்டார்கள், சராசரி 7.5. பேய் வீட்டுக் கதை ஒன்று 8 வாங்கி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனது. பேய் வீடு எந்த ஊரிலும் இருக்கும், எழுதியவனைக் காட்டிக்கொடுக்காது.

அப்புறம் டீக்கடையில் அந்த விலகிய நடுவர் சொன்னார், "நான் பத்து போட்டிருப்பேன்." கதைக்கா, ஆளுக்கா? கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கே தெரிந்திருக்குமா? தெரியாமல் இருப்பதற்காகத்தானே அந்த விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

1995 முதல் நடக்கும் ஐஎஃப்காம்ப் என்ற கதை விளையாட்டுப் போட்டியில் ஆடுகிறவர்களே மார்க் போடுகிறார்கள், குறைந்தது ஐந்து விளையாட்டுக்காவது போட்டால்தான் செல்லும். அங்கே கூட்டம் பெரிது, தெரிந்தவர் ஒருவர் புகுந்தாலும் சராசரி பெரிதாக அசையாது. இங்கே மூன்று பேர், ஒருவர் விலகினாலே தராசு சாய்ந்துவிடுகிறது.

இந்த வருடம் நடுவர்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்றிருக்கிறேன், விலகும் விதியை எடுக்கப் போவதில்லை. வெளி மாவட்டத்து ஆட்களாகப் பார்த்துப் போடு என்கிறார் நண்பர். சரிதான், ஆனால் பரிசல் தடை என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியாத ஆள் அந்தக் கதைக்கு எவ்வளவு போடுவார்?